கட்டளை வரலாற்றைத் தேட எந்தக் கருவி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் வேலைக்குப் புதிதாக வரும் இளையவர்களோடும், அங்குள்ள திருநெல்வேலிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் கணினி மாணவர்களோடும் பல ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். கட்டளைகளை அடித்துக் கணினியை இயக்கும் சாளரமான லினக்ஸ் முனையத்தில் ஓரளவு கை பழகியதும் அவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, போன கிழமை அடித்த அந்த நீளமான கட்டளையை எப்படித் திரும்ப எடுப்பது? அதற்கு எந்தக் கருவி நல்லது?" அந்தக் கேள்வியையும் அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளையும் பதில்களோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டளை வரலாறு எங்கே சேமிக்கப்படுகிறது?

நீங்கள் முனையத்தில் அடிக்கும் கட்டளைகளை நினைவில் வைத்திருப்பது முனையச் சாளரம் அல்ல, அதற்குள் ஓடும் ஷெல் என்ற நிரலே. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் அது வழக்கமாக பாஷ். ஆப்பிள் மடிகணினிகளில் 2019 இல் வந்த கற்றலினா பதிப்பிலிருந்து ஸெட் ஷெல். பாஷ் தன் வரலாற்றை உங்கள் வீட்டு அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு மறைகோப்பில், வரிக்கு ஒரு கட்டளையாக எழுதி வைக்கிறது. அது வெறும் உரைக் கோப்பு என்பதால் எந்தத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம். கட்டளையை எந்த அடைவிலிருந்து ஓட்டினீர்கள், அது வென்றதா தோற்றதா, எவ்வளவு நேரம் எடுத்தது என்ற விபரம் எதுவும் அதில் இருக்காது. நேரத்தைக்கூட நீங்கள் கேட்டுக்கொண்டால்தான் குறித்து வைக்கும்.

மின்சாரம் நின்றபோது காலையிலிருந்து அடித்த கட்டளைகள் முழுவதும் காணாமல் போய்விட்டன. ஏன்?

எந்தக் கருவியைத் தெரிவு செய்வது என்று யோசிப்பதற்கு முன் இதற்கு விடை காண வேண்டும் என்பதே என் கருத்து. பாஷ் நீங்கள் அடிக்கும் கட்டளைகளை முதலில் நினைவகத்தில் மட்டுமே வைத்திருக்கும். ஷெல்லை விட்டு வெளியேறும்போதுதான் அவற்றைக் கோப்பில் எழுதும். சாளரத்தை மூடினாலோ தொலைவிலுள்ள சேர்வருடனான இணைப்பு அறுந்தாலோ, பாஷுக்கு ஒரு முடிவுச் சமிக்ஞை கிடைப்பதால் அது வரலாற்றை எழுதிவிட்டுப் போகும். ஆனால் மின்சாரம் நிற்கும்போது எந்தச் சமிக்ஞையும் வராது.

2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் ஒரு நாள், எங்கள் ஊர்க் கோயிலின் பழைய கும்பாபிஷேக மலர் ஒன்றை ஸ்கேன் செய்து, அதன் பக்கங்களை இமேஜ்மஜிக் என்ற படத் திருத்தக் கருவி கொண்டு நேராக்கி, பின்னணி மஞ்சளை நீக்கி, டெசரக்ட் என்ற எழுத்துணரியால் தமிழ் உரையாக மாற்றிக்கொண்டிருந்தேன். சாய்வைத் திருத்தும் அளவு, கறுப்பு வெள்ளையைப் பிரிக்கும் எல்லை என்று ஒவ்வொரு எண்ணையும் சிறிது சிறிதாக மாற்றி அரைநாள் முயன்ற பின்னரே, ககரமும் சகரமும் குழம்பாமல் வரத் தொடங்கின. மின்வெட்டு அட்டவணையில் சொன்னதற்கு முன்பே வந்துவிட்டது. யூபிஎஸ்ஸின் மின்கலம் ஏற்கெனவே பழுதாகியிருந்தது. இரவு கணினியைத் திறந்து வரலாற்றைப் பார்த்தபோது, முதல் நாள் மாலையோடு அது நின்றிருந்தது. மாற்றப்பட்ட படங்கள் வட்டில் பத்திரமாக இருந்தன. அவற்றை உருவாக்கிய எண்கள் மட்டும் இல்லை. மிச்சப் பக்கங்களுக்காக அதே அரைநாளை மீண்டும் செலவழித்தேன்.

இதற்கு ஒரு வரியில் தீர்வு உண்டு. பாஷின் அமைப்புக் கோப்பில் ப்ரொம்ப்ட்-கொமாண்ட் என்ற மாறிக்குள், ஹிஸ்டரி என்ற உள்ளமைந்த கட்டளையைச் சிறிய ஏ என்ற விருப்பத்துடன் இட்டுவிடுங்கள். ஒவ்வொரு கட்டளையும் முடிந்து, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் தூண்டுவரி தோன்றும்போது, புதிய வரி கோப்பின் முடிவில் சேர்க்கப்பட்டுவிடும். கூடவே ஹிஸ்ட்-அப்பென்ட் என்ற தெரிவையும் இயக்கி விடுங்கள். அது இல்லாவிட்டால் வெளியேறும் ஷெல் ஒன்று கோப்பில் சேர்ப்பதற்குப் பதிலாக அதை மேலெழுதிவிட வாய்ப்பு உண்டு. உபுண்டுவில் அந்தத் தெரிவு ஏற்கெனவே இயக்கப்பட்டிருக்கும். ஸெட் ஷெல்லில் இதற்கு நிகரானது இன்க்-அப்பென்ட்-ஹிஸ்டரி. திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தும் ஒரே வரலாற்றைப் பகிர வேண்டுமானால் ஷேர்-ஹிஸ்டரி. இயங்குதளம் எழுத்துகளை வட்டுக்கு அனுப்பச் சில நொடிகள் எடுப்பதால், மின்சாரம் நிற்பதற்குச் சற்று முன் அடித்த ஓரிரு வரிகள் இதையும் மீறித் தவறிப் போகலாம். அரைநாள் வேலை தவறிப் போகாது.

எத்தனை கட்டளைகளை வைத்திருக்கலாம்?

அமைப்பு எதுவும் இல்லாத பாஷ் 500 கட்டளைகளை மட்டுமே வைத்திருக்கும். உபுண்டு தரும் அமைப்புக் கோப்பில் ஹிஸ்ட்-சைஸ் 1000 ஆகவும், ஹிஸ்ட்-ஃபைல்-சைஸ் 2000 ஆகவும் இருக்கும். முதலாவது நினைவகத்திலுள்ள எண்ணிக்கை, இரண்டாவது கோப்பிலுள்ள எண்ணிக்கை. நாளுக்கு நூறு கட்டளை அடிப்பவருக்கு 2000 என்பது மூன்று கிழமைக்குக்கூடப் போதாது. ஒரு கட்டளைக்குச் சராசரி ஐம்பது எழுத்து என்று வைத்தாலும் ஓராண்டு வரலாறு இரண்டு மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தைவிட அது சிறியது. எனவே இரண்டையும் ஒரு இலட்சம் என்று வைப்பதில் தயக்கம் வேண்டாம். பாஷ் 4.3 இலிருந்து எதிர்மறை எண்ணைக் கொடுத்தால் எல்லையே இல்லை.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. உங்கள் அமைப்புக் கோப்பைப் படிக்காமல் ஒரு பாஷ் தொடங்கினால், அது இயல்பான 500 என்ற எல்லையைக் கொண்டு வரலாற்றுக் கோப்பை வெட்டிவிடக் கூடும். சோதனைக்காக அமைப்பின்றி பாஷைத் திறந்து பார்த்தவர்கள், பல ஆண்டு வரலாற்றை ஒரே கணத்தில் இழந்திருக்கிறார்கள். ஹிஸ்ட்-ஃபைல் என்ற மாறியில் வேறொரு கோப்புப் பெயரைக் கொடுத்துவிட்டால், அமைப்பில்லாத பாஷ் பழைய பெயரிலுள்ள கோப்பைத்தான் தொடும். உங்கள் நீண்ட வரலாறு தப்பிவிடும்.

ஸெட் ஷெல் பாவனையாளர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அமைப்பு எதுவுமில்லாவிட்டால் அந்த ஷெல் கோப்பில் சேமிக்கும் எண்ணிக்கை சுழியம். ஆப்பிள் நிறுவனம் தன் பொது அமைப்பில் அதை 1000 ஆக வைத்திருப்பதால் மடிகணினியில் இந்தக் குறை தெரியாது. லினக்ஸில் நீங்களே நிறுவினால் சேவ்-ஹிஸ்ட் என்ற மாறியை நீங்களே அமைக்க வேண்டும்.

கொன்ட்ரோல்-ஆர் என்ற விசையே தேடித் தருகிறதே, அது போதாதா?

பலருக்குப் போதும். கொன்ட்ரோல்-ஆர் அழுத்திச் சில எழுத்துகளை அடித்தால், அவை அதே வரிசையில் இடைவிடாது வரும் அண்மைய கட்டளையை அது காட்டும்; மீண்டும் அழுத்தினால் அதற்கு முந்தியது. ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் காட்டும் என்பதே இதன் குறை. நீங்கள் தேடுவது நாற்பதாவது பொருத்தமாக இருந்தால் நாற்பது தடவை அழுத்த வேண்டும், ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டால் கடந்து போய்விடும். திரும்பி வருவதற்கு கொன்ட்ரோல்-எஸ் என்று கையேடு சொல்லும். ஆனால் பெரும்பாலான முனையங்களில் அந்த விசை திரைக்கு வரும் வெளியீட்டை நிறுத்திவிடும். கணினி உறைந்துவிட்டது என்று எண்ணிச் சாளரத்தை மூடிவிடாதீர்கள். கொன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர் பெறும்.

ஆச்சரியக்குறிகளும் இருக்கின்றன. 1970களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லிலிருந்து வந்த வழக்கம் இது: இரண்டு ஆச்சரியக்குறி என்றால் கடைசிக் கட்டளை. நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்ட உதவும் சூடோவைக் கட்டளைக்கு முன்னால் இட மறந்துவிட்டபோது இது கைகொடுக்கும். ஆனால் ஒரு ஆச்சரியக்குறியோடு கட்டளையின் முதலெழுத்துகளைக் கொடுத்தால், கண்டுபிடித்ததைக் காட்டாமலே ஓட்டிவிடும். அழிக்கும் கட்டளைகளுக்கு இந்த முறையைப் பாவிக்கவே வேண்டாம் என்று என்னிடம் பழகுபவர்களைக் கண்டிப்பாகக் கேட்டுக்கொள்வேன்.

எஃப்-ஸெட்-எஃப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன மாற்றத்தைத் தரும்?

ஜுனகன் சோய் 2013 இல் வெளியிட்ட இந்தக் கருவி, எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதில் தேட உதவும் ஒரு வடிகட்டி. கட்டளை வரலாறு அது கையாளும் பட்டியல்களில் ஒன்று மட்டுமே. உங்கள் ஷெல்லோடு இணைத்துவிட்டால் கொன்ட்ரோல்-ஆர் விசையை அது தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்.

பாவித்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும். கொழும்பிலுள்ள சேர்வருக்குக் காப்புப்பிரதி அனுப்ப, ஆர்சிங்க் என்ற கட்டளையை வேகக் கட்டுப்பாட்டோடும் சில அடைவுகளை விலக்கியும் ஒரு தடவை எழுதியிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொன்ட்ரோல்-ஆர் அழுத்தியதும் திரையின் கீழ்ப்பாதியில் வரலாறு முழுவதும் பட்டியலாக விரிகிறது; ஓரத்தில் பதினெட்டாயிரம் என்று எண்ணிக்கை நிற்கிறது. ஆர்சிங்க் என்பதன் முதல் மூன்று எழுத்துகளை அடித்ததும் அது சில நூறாகிறது. ஒரு இடைவெளி விட்டு, விலக்கும் விருப்பத்தின் நடுவிலிருந்து நினைவுக்கு வரும் சில எழுத்துகளை அடிக்கிறீர்கள், பதினொன்று. இன்னொரு இடைவெளி விட்டு அடைவின் பெயரிலிருந்து இரண்டெழுத்து, நான்கு வரிகள். அவற்றில் மூன்றாவதுதான் வேண்டியது. அம்புக்குறியால் அதைத் தொட்டு என்டர் அழுத்தினால், கட்டளை தூண்டுவரியில் வந்து அமரும். தானாக ஓடிவிடாது. திகதியை மாற்றிவிட்டு நீங்களே ஓட்டலாம். மறதி துண்டு துண்டாகத்தானே இருக்கிறது. நினைவில் எஞ்சிய துண்டுகளை எந்த வரிசையில் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வது இதன் பெரிய வசதி.

ஒற்றை மேற்கோள் குறியை முன்னால் இட்டால் அந்தச் சொல் அப்படியே இருக்க வேண்டும். ஆச்சரியக்குறியை இட்டால் இருக்கக் கூடாது. கூரைக்குறியை இட்டால் வரியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றைத் தெரிந்து வைத்திருந்தால் நீண்ட காலத்துக்குப் போதும்.

இது தனக்கென்று எதையும் சேமிப்பதில்லை, ஷெல் வைத்திருப்பதைத்தான் தேடித் தருகிறது. ஷெல் எழுதாமல் விட்டதை இதுவும் காட்டாது. முந்திய கேள்விகளில் சொன்ன அமைப்புகளை முதலில் சரி செய்யுமாறு நான் வற்புறுத்துவது இதனால்தான். அவற்றைச் சரி செய்து எஃப்-ஸெட்-எஃப் ஐயும் நிறுவிய ஒருவருக்கு, பெரும்பாலான வேளைகளில் வேறு கருவி தேவைப்படாது என்பதே என் முடிவு.

அப்படியானால் அட்டுயின் யாருக்கு?

இரண்டு மூன்று கணினிகளில் மாறி மாறி வேலை செய்பவருக்கும், "இந்த அடைவில் நான் என்ன செய்தேன்?" என்று அடிக்கடி கேட்டுக்கொள்பவருக்கும்.

எல்லி ஹக்ஸ்டபிள் 2021 இல் தொடங்கிய, ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட திறந்த மூலக் கருவி அட்டுயின். அது ஷெல்லின் உரைக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, தனக்கென ஒரு எஸ்கியூலைட் தரவுத்தளத்தை வைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டளையோடும் அது ஓடிய அடைவு, தொடங்கிய நேரம், எடுத்த நேரம், வெளியேற்றக் குறியீடு, எந்தக் கணினி, எந்த அமர்வு என்ற அனைத்தும் பதியப்படும். வெளியேற்றக் குறியீடு சுழியமாக இருந்தால் கட்டளை வென்றது என்று பொருள். மேலே சொன்ன கும்பாபிஷேக மலர் வேலையில், ஒரே கட்டளையைச் சிறு சிறு மாற்றங்களோடு முப்பது தடவை அடித்திருந்தேன். அப்படியான நிலையில் "இந்த அடைவில், வெற்றி பெற்றவை மட்டும்" என்று வடிகட்டிக் கேட்க முடிவது பெரிய உதவி. பாஷின் உரைக் கோப்பில் முப்பது வரிகளும் ஒரே தோற்றத்தில்தான் நிற்கும்.

தேடல் திரைக்குள் மீண்டும் கொன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் எல்லை மாறும்: எல்லாக் கணினிகளும், இந்தக் கணினி மட்டும், இந்த அமர்வு மட்டும், இந்த அடைவு மட்டும். நிறுவியதும் பழைய வரலாற்றை உள்ளே கொண்டுவர ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓட்ட மறக்க வேண்டாம். ஆனால் பழைய வரிகளுக்கு அடைவும் குறியீடும் இருக்காது. ஷெல் அவற்றை ஒருபோதும் எழுதியிருக்கவில்லையே.

இரண்டு எச்சரிக்கைகள். அட்டுயின் நிறுவப்படும்போது உருவாகும் அமைப்பில், பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்து என்டர் அழுத்தினால் கட்டளை உடனே ஓடும். திருத்துவதற்கு டாப் விசையை அழுத்த வேண்டும். எஃப்-ஸெட்-எஃப் இல் பழகிய கைக்கு இது ஆபத்தானது. அமைப்புக் கோப்பில் என்டர்-அக்செப்ட் என்ற தெரிவை நிறுத்திவிடுமாறு பரிந்துரைக்கிறேன். அடுத்தது, பாஷில் இது இயங்குவதற்குத் துணைநிரல் ஒன்று தேவை, ஏனெனில் ஒரு கட்டளை ஓடுவதற்கு முன் அறிவிக்கும் வசதி பாஷில் நேரடியாக இல்லை. ஸெட் ஷெல்லிலும் ஃபிஷ் என்ற இன்னொரு ஷெல்லிலும் அந்தத் தொல்லை இல்லை.

பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் உள்ளதுபோல வீட்டு அடைவு வலையமைப்பின் வழியாக வருகிற இடங்களில், எஸ்கியூலைட் கோப்பைப் பூட்டித் திறப்பதில் சிக்கல்கள் எழலாம் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். அத்தகைய இடத்துக்கு எஃப்-ஸெட்-எஃப் பொருத்தமானது.

என் வரலாறு வேறொருவரின் சேர்வருக்குப் போவதா?

கட்டாயமில்லை. கணக்கு ஒன்றைப் பதிவு செய்யாமல் அட்டுயினை முழுக்க முழுக்க உங்கள் கணினியிலேயே பாவிக்கலாம்; நானும் நீண்ட காலம் அப்படித்தான் பாவித்தேன். உங்கள் கணினிகளுக்கிடையே வரலாற்றைச் சேர்வர் வழியாகப் பகிரும் ஒத்திசைவை இயக்கினால், வரலாறு உங்கள் கணினியிலேயே மறையாக்கம் செய்யப்பட்ட பின்னரே வெளியே போகும். சேர்வரை நடத்துபவரால் அதைப் படிக்க முடியாது. சேர்வரை நீங்களே நடத்தவும் வழி உண்டு.

மறையாக்கத் திறவுகோல் உங்களிடம் மட்டுமே இருக்கும் என்பதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மடிகணினி களவுபோய் திறவுகோலின் பிரதியும் இல்லையென்றால், சேர்வரில் உள்ளதை எவராலும் மீட்டுத் தர முடியாது. அதைக் காட்டுவதற்கென்றே ஒரு கட்டளை அட்டுயினில் உண்டு. அதன் விடையை எழுதிக் கடவுச்சொற்களை வைக்கும் இடத்தில் வையுங்கள்.

வரலாற்றுக் கோப்பை அப்படியே மேகச் சேமிப்பில் போட்டு இரண்டு கணினிகளில் பகிர்ந்துகொள்ளச் சிலர் முயல்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழுதினால் முரண்பட்ட பிரதிகள் உருவாகும். அதோடு அங்கே போவது வெற்றுரை. தங்கள் அமைப்புக் கோப்புகளைப் எவரும் பார்க்கக்கூடிய பொது ஜிட் களஞ்சியத்தில் ஏற்றும்போது தவறுதலாக வரலாற்றுக் கோப்பையும் சேர்த்து ஏற்றுவது இன்னும் மோசம்.

மக்ஃபிளை, எச்-எஸ்-டி-ஆர் ஆகியவை எப்படி?

அன்ட்ரூ கன்டினோ எழுதிய மக்ஃபிளை, நீங்கள் இப்போது நிற்கும் அடைவையும் சற்று முன் ஓட்டிய கட்டளைகளையும் பார்த்து, ஒரு சிறிய நரம்பு வலையமைப்பின் மூலம் பொருத்தமானவற்றை மேலே கொண்டுவர முயலும். எச்-எஸ்-டி-ஆர் பாஷுக்கும் ஸெட் ஷெல்லுக்கும் ஆனது. அடிக்கடி வேண்டியவற்றை விருப்பப் பட்டியலில் சேர்க்கவும், வேண்டாதவற்றை அங்கிருந்தபடியே அழிக்கவும் விடும். இரண்டும் நல்ல கருவிகளே. ஆனால் ஒரே எழுத்துகளை அடித்தால் ஒரே வரிசை வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவன் நான் என்பதால், ஊகித்து வரிசை மாற்றும் கருவி எனக்கு ஒத்துவரவில்லை.

ஃபிஷ் ஷெல்லுக்கே மாறிவிடலாமா?

தனிக் கணினியில் மாறலாம். நீங்கள் அடிக்கும்போதே வரலாற்றிலிருந்து மீதியைச் சாம்பல் நிறத்தில் காட்டும், வலது அம்புக்குறியை அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். 3.6 பதிப்பிலிருந்து கொன்ட்ரோல்-ஆர் அழுத்தினால் பட்டியலாகவும் தேடலாம். வேறு எதையும் நிறுவாமல் இவ்வளவும் கிடைக்கிறது. ஆனால் ஃபிஷின் இலக்கணம் பாஷிலிருந்து வேறுபட்டது. வேலைக்குப் போனால் தொடப்போகும் சேர்வர்களில் பாஷ்தான் இருக்கும் என்பதால், மாணவர்கள் முதலில் பாஷைப் பழகிக்கொண்டு பிறகு மாறுவதே நல்லது.

என்னிடம் விண்டோஸ் மட்டும்தான் இருக்கிறது.

விண்டோஸின் ஷெல்லான பவர்ஷெல்லின் பிஎஸ்-ரீட்லைன் என்ற பகுதி, கட்டளைகளை அடித்தவுடனேயே கோப்பில் எழுதிவிடும்; அங்கேயும் கொன்ட்ரோல்-ஆர் உண்டு. விண்டோஸுக்குள் லினக்ஸை நிறுவியிருந்தால், மேலே பாஷுக்குச் சொன்னவை அனைத்தும் அப்படியே பொருந்தும்.

கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே அடித்துவிட்டேன். அதை எப்படி அழிப்பது?

முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். அழிப்பது அதற்குப் பிறகு. கட்டளை ஓடிய நேரத்தில், அதே கணினியைப் பாவிக்கும் மற்றவர்கள் ஓடும் செயல்களின் பட்டியலில் அதைப் பார்த்திருக்க முடியும் என்பதால், வரலாற்றிலிருந்து நீக்குவது மட்டும் போதாது.

பாஷில் ஹிஸ்டரி கட்டளைக்குச் சிறிய டி விருப்பத்தையும் வரி எண்ணையும் கொடுத்தால் அந்த வரி நினைவகத்திலிருந்து நீங்கும். பின்னர் சிறிய டபிள்யூ விருப்பத்தால் கோப்பை மீண்டும் எழுத வேண்டும். அட்டுயின் போன்ற கருவி இருந்தால் அதன் தரவுத்தளத்தில் வேறொரு பிரதி இருக்கும், அதையும் தனியாக நீக்க வேண்டும். கருவிகளைக் கூட்டிக்கொண்டே போவதன் விலை இதுதான்: ஒரே இரகசியம் பல இடங்களில் தங்கிவிடுகிறது. அமேசான், கிட்ஹப் போன்ற சில சேவைகளின் திறவுச்சொற்களை அடையாளம் கண்டு பதியாமல் விடும் வடிகட்டி அட்டுயினில் இயல்பாகவே இயங்குகிறது. உங்கள் அலுவலகத் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை அதனால் அடையாளம் காண முடியாது.

ஹிஸ்ட்-கொன்ட்ரோல் என்ற மாறி இக்னோர்-போத் ஆக இருந்தால், முன்னால் ஒரு இடைவெளி விட்டு அடிக்கும் கட்டளை வரலாற்றில் சேராது. உபுண்டுவில் அப்படித்தான் இருக்கும். என்றாலும் கடவுச்சொல்லைக் கட்டளையில் எழுதாமலிருப்பதே சரியான பழக்கம். உதாரணமாக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைத் திறக்கும் கட்டளையில் கடவுச்சொல் விருப்பத்தை மட்டும் கொடுத்து மதிப்பைக் கொடுக்காமல் விட்டால், அது தனியாகக் கேட்கும். அங்கே அடிப்பது திரையிலும் தெரியாது, வரலாற்றிலும் விழாது.

எங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் ஒரே சேர்வர்க் கணக்கைப் பாவிக்கிறோம். யார் எதைச் செய்தார் என்று வரலாற்றில் பார்க்கலாமா?

பார்க்க முடியாது. நேரத்தைப் பதியச் செய்தாலும் ஆளின் பெயர் அதில் இராது. அதோடு வரலாற்றுக் கோப்பு கணக்கின் உரிமையாளரால் எந்த நேரமும் திருத்தக்கூடியது. சாட்சியாக வைக்கத் தக்கதல்ல. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கைக் கொடுத்துச் சூடோவைப் பாவிக்கச் செய்யுங்கள்; சூடோ தன் பதிவேட்டில் யார், எப்போது, எதை என்று எழுதும். இன்னும் கறாராக வேண்டுமானால் லினக்ஸின் கணக்காய்வு வசதியை இயக்க வேண்டும். ஒருவரின் தவறைக் கண்டுபிடிப்பதற்காக அவரது கட்டளை வரலாற்றைத் துழாவும் வழக்கம், சிறிய அலுவலகங்களில் நல்ல உறவுகளைக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன். தேடல் வேலை செய்யுமா?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. தமிழ் ஆவணங்களோடு வேலை செய்பவர்களுக்கு ஆனால் இது முக்கியம்.

பாஷ் தன் கோப்பில் தமிழை யூடிஎஃப்-8 குறிமுறையில் அப்படியே எழுதும். எந்தத் தேடல் கருவியும் அதைப் படிக்கும். ஸெட் ஷெல் அப்படியல்ல. தன் உள்வேலைக்காக அது ஒதுக்கி வைத்திருக்கும் சில பைட்டுகள் கட்டளையில் வந்தால், அவற்றை உருமாற்றியே கோப்பில் எழுதும். தமிழ் எழுத்துகள் பலவற்றின் கடைசி பைட்டு அந்த ஒதுக்கப்பட்ட வரம்புக்குள் விழுகிறது. யாழ் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள்: யகரமும் கால் குறியும் ழகரமும் மாறாமல் இருக்கும், மேலேயுள்ள புள்ளி மாத்திரம் உருமாறிவிடும். அகரமும் ககரமும் உருமாறும். எனவே அந்த வரலாற்றுக் கோப்பை நேரடியாகத் திறந்தால் இடையிடையே சிதைந்த குறிகள் தெரியும், கோப்பில் சொல் தேடும் கிரெப் கட்டளை கொண்டு "யாழ்" என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. தரவு அழியவில்லை, பயப்பட வேண்டாம். ஸெட் ஷெல்லின் சொந்த ஹிஸ்டரி கட்டளையின் வழியாகக் கேட்டால் எழுத்துகள் சரியாக வரும். கோப்பை நேரடியாகப் படிக்கும் நிரல் எதையாவது நீங்கள் எழுதினால் மட்டும் இதை நினைவில் வைத்திருங்கள்.

திரையில் காட்டுவது வேறு பிரச்சினை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற கணக்கில் முனையங்கள் இயங்குவதால், கொம்பும் காலும் சேரும் தமிழ் எழுத்துகளில் நிலைகாட்டி சற்று விலகி நிற்கும். பட்டியலில் பொருத்தம் சரியாகவே இருக்கும். வரியைத் திருத்தும்போதுதான் இடம் பிசகும். வரியைத் தொகுப்பானில் திறந்து திருத்தினால் தொல்லை இல்லை. பாஷில் அதற்கு கொன்ட்ரோல்-எக்ஸ், கொன்ட்ரோல்-ஈ என்ற இரண்டு விசைகளை அடுத்தடுத்து அழுத்த வேண்டும்.

பழைய கணினி, மெதுவான இணையம். கருவி பாரமாக இருக்குமா?

இல்லை. இவை அனைத்தும் இணையமின்றி இயங்குபவை. பதிவிறக்கும்போதும் ஒத்திசைக்கும்போதும் மட்டுமே இணையம் தேவை.

தேடல் வசதி கிடைத்த பிறகும் சில கட்டளைகளை அடையாளம் காண முடியவில்லை. என்ன செய்யலாம்?

கட்டளையின் முடிவில் ஒரு இடைவெளி விட்டு, ஹாஷ் எனப்படும் எண் குறியை இட்டு, அது எதற்கு என்று ஒரு குறிப்பை எழுதிவிட்டு ஓட்டுங்கள். எண் குறிக்குப் பின்னால் வருவதை ஷெல் கவனிக்காது, ஆனால் வரலாற்றில் அது கட்டளையோடு சேர்ந்தே பதியப்படும். பாஷில் இது இயல்பாகவே வேலை செய்யும். ஸெட் ஷெல்லில் இன்டரக்டிவ்-கொமென்ட்ஸ் என்ற தெரிவை இயக்க வேண்டும். மின்வெட்டால் இழந்து மீண்டும் கண்டுபிடித்த அந்த இமேஜ்மஜிக் கட்டளையின் முடிவில், "மஞ்சள் பக்கம், மலர்" என்று இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்து ஓட்டினேன். இப்போது பழைய தாள் ஒன்று மேசைக்கு வரும்போதெல்லாம் கொன்ட்ரோல்-ஆர் அழுத்தி "மஞ்சள்" என்று அடிப்பேன். ஒரே வரி வரும்.